நாற்பத்து நான்காவது பெட்டி

நீங்கள் வைத்துவிட்டுப் போன தாள் நல்ல தாள், மிஸ். மை ஊறவில்லை. கோடுகளும் நேராக இருக்கின்றன. வாயால் சொல்லுங்கள், நான் எழுதிக்கொள்கிறேன் என்றீர்கள். நாற்பது வருடமாக மற்றவர்கள் வாயால் சொன்னதை எழுதிக் கொடுத்தவன் நான். என் விஷயத்தை இன்னொருவர் எழுதுவது அவ்வளவு முறையாக இராது என்று தோன்றியது. ஆகவே நானே எழுதுகிறேன். நாளைக்கு வந்து வாங்கிக்கொள்ளுங்கள். வரும் வழியில் பூவம்மா கடையில் ஒரு பிளேன்டீ குடியுங்கள். இஞ்சி தட்டிப் போடுவாள்.

குமாரசிங்கம் ஐயா ஆறு வருடமாக வீடு திரும்பவில்லை, அவர் மனைவி கமலாம்பிகை அம்மாவுக்காக நீங்கள் வழக்குப் பேசப் போகிறீர்கள். நல்ல விஷயம். பழைய பைல் ஒன்றிலிருந்து கிடைத்த போட்டோகொப்பியைக் காட்டி, இந்த எழுத்து யாருடையது, தெரியுமா என்று கேட்டீர்கள். அதைக் கடைசியில் சொல்கிறேன். ஆனால் எழுத்து அழகாக இருக்கிறது, இல்லையா? ஓர் இடத்திலும் அடித்துத் திருத்தவில்லை.

என் பெயர் மாடசாமி. வயது எழுபத்து நான்கு. பிறந்தது ஹாலிஎலப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றின் லய வீட்டில். தொழில் பெட்டிசம் எழுதுவது, அதாவது சனங்களுக்காக அதிகாரிகளுக்கு மனு எழுதுவது. பதுளை அரசாங்கக் கச்சேரி மதிலோரம் ஒரு மேசை, ஒரு டைப்ரைட்டர், மூன்று பாஷை. பெட்டிசம் எழுதுவது லேசான வேலை என்று நினைக்கிறார்கள். ஒரு மாடு செத்துப்போனது என்று எழுதினால் எந்த அதிகாரியும் தலை நிமிர்த்தமாட்டார். மூன்று மாடு செத்து, நான்காவது மாடு அந்தத் துக்கத்தில் புல் தின்ன மறுத்தால் நிமிர்த்துவார். என் பெட்டிசங்களை உள்ளே கொண்டுபோனால் கிளாக்கர்மார் ஒருவரையொருவர் கூப்பிட்டு வாசித்துக் காட்டுவார்கள். "மாடசாமி எழுதினதா? பத்தால வகுத்துப் பார்" என்பார்கள். நான் அதைப் பாராட்டாகவே எடுத்துக்கொண்டேன்.

சாயங்காலம் ஐந்தரைக்கு மேசையை மடக்கிவிட்டுப் பூவம்மா கடை வாங்கில் வந்து உட்காருவேன். ஆறு பேர் உட்காரும் வாங்கு. நான் இருந்தால் பதினாறு பேர் இருப்பார்கள். இதைப் பத்தால் வகுக்க வேண்டாம். நமுனுகுல மலையில் ஒருமுறை பனி எவ்வளவு கெட்டியாக இறங்கியதென்றால், கொழுந்தெடுக்கிற பெண்கள் கூடையை அதில் மாட்டிவிட்டுச் சாப்பிடப் போனார்கள். வெயில் வந்ததும் கூடைகள் எல்லாம் பள்ளத்தில் விழுந்தன. இப்படிப்பட்ட உண்மைகளைச் சொல்லிக்கொண்டிருப்பேன். யாருக்கும் ஒரு நஷ்டமும் இல்லை.

அவற்றில் பேர்போனது தெமோதரைக் கதை. அங்கே ரயில் பாதை ஒரு வளையம் சுற்றி, தான் விட்டுவந்த ஸ்டேஷனுக்கு அடியிலேயே குகைக்குள் நுழையும். அது உங்களுக்கும் தெரியும். என் கதையில் ரயில் அவ்வளவு நீளம். எஞ்சின் கீழே குகை வாசலுக்கு வந்துவிட்டது, கடைசிப் பெட்டி இன்னும் மேலே ஸ்டேஷனில் நிற்கிறது. கார்ட் மேலேயிருந்து ஒரு கோப்பை டீயைக் கொடிக் கயிற்றில் கட்டி இறக்குகிறார். டிரைவர் கீழே எட்டி வாங்கிக் குடித்துவிட்டு, சீனி கம்மி என்று கோப்பையைத் திருப்பி அனுப்புகிறார். இருபது வருடம் இந்தக் கதை ஓடியது. ஒரு நாளும் தடம் புரளவில்லை.

குமாரசிங்கம் ஐயா நில அளவையாளர். யாழ்ப்பாணத்துக்காரர், ஆனால் பதுளைக்கு வந்து இருபத்தைந்து வருடத்துக்கு மேலாகிவிட்டது. வீடு கடைக்கு நேர் எதிரே, ரோட்டுக்கு மேலே. எப்போதாவது சிகரெட் வாங்க இறங்கி வருவார். தொண்ணூற்றேழாம் வருடம் ஒரு நாள் அப்படி வந்தவர் நின்று என் கதையை முழுதும் கேட்டார். கேட்டுவிட்டு, மிகவும் மரியாதையாகச் சொன்னார்:

"மாடசாமி அண்ணை, ஒரு சின்னச் சந்தேகம். அந்த ரயிலுக்கு எத்தனை பெட்டி?"

இருபது வருடத்தில் ஒருவரும் கேட்காத கேள்வி. வாயில் வந்ததைச் சொன்னேன். "நாப்பத்து நாலு."

"இந்த ஏத்தத்தில ஒரு எஞ்சின் எட்டுப் பெட்டி இழுக்கிறதே பெரும்பாடு. நாப்பத்து நாலை ஆர் இழுத்தது?"

மாரிசாமி என்று ஒருவன், தோட்டத்தில் தப்பு மேளம் அடிக்கிறவன், வடையை மென்றுகொண்டே, "தாத்தா தான் இழுத்திருப்பாருங்க. வாயால" என்றான்.

சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு புதிதல்ல. நாற்பது வருடமாக நான் கொடுக்கிற சிரிப்பு அது. இது நான் கொடுக்காத சிரிப்பு. வித்தியாசம் உங்களுக்கு விளங்கும் என்று நினைக்கிறேன்.

அதற்குப் பிறகு நான் எந்தக் கதையைத் தொடங்கினாலும் யாராவது ஒருவர், "எத்தனை பெட்டி, தாத்தா?" என்பார். பூவம்மா கேட்பாள், "பிளேன்டீக்குச் சீனி எத்தனை பெட்டி போடட்டும்?" கச்சேரிப் பியூன்வரைக்கும் போய்விட்டது. நான் அவர்களோடு சேர்ந்து சிரித்தேன். மனதில் வைத்துக்கொள்கிற ஆள் இல்லை நான். தொண்ணூற்றேழு ஜூன் பதினொன்று, புதன்கிழமை, மாலை ஆறேகால் என்பது சும்மா நினைவில் இருக்கிறது, அவ்வளவுதான்.

அடுத்த வருடம் தீபாவளிக்கு அவர் விளக்குப் போட்டார். பழைய கொம்பியூட்டர் ஒன்றைக் கொழும்பிலிருந்து கொண்டுவந்திருந்தார். பிரிண்டர் செருகுகிற இடத்தில் எட்டு வயரைச் செருகி, ஒவ்வொரு வயரையும் ஒரு ரிலே சுவிச்சில் கொடுத்து, ரிலேயிலிருந்து பல்புகளுக்கு. பாட்டு எந்த இடத்தில் ஏறுகிறதோ அந்த இடத்தில் கூரை எரியும், இறங்குகிற இடத்தில் வாசல் எரியும். கடையில் இருந்தவர்கள் எழுந்து ரோட்டுக்குப் போய்விட்டார்கள். நான் அப்போது ஒரு கதையின் நடுவில் இருந்தேன். நமுனுகுலப் பனி. கூடைகள் இன்னும் விழவில்லை. ஆறு பேர் வாங்கில் நான் ஒருவன். பூவம்மாகூட அடுப்பை விட்டுவிட்டுப் போயிருந்தாள். பால் பொங்கி வழிந்தது. நான்தான் இறக்கி வைத்தேன்.

தொண்ணூற்றொன்பதாம் வருடம் இன்னும் பெரிதாகச் செய்கிறார் என்று ஊரெல்லாம் பேச்சு. தீபாவளிக்குப் பத்து நாள் இருக்கும்போது, தினமும் எதிர்க் கடையில் உட்காருகிறவன் என்ற முறையில் ஒரு தடவை பார்த்துவிட்டு வரலாமே என்று போனேன். அவர் மகிழ்ந்துபோனார். ஒளிவுமறைவு இல்லாத மனிதர், அதைச் சொல்லத்தான் வேண்டும். அறை முழுக்க வயர். சுவரில் வீட்டின் பிளான், பக்கத்தில் பதுளை டவுண் மேப். மேசைக்கு அடியிலும் அலுமாரிக்கு மேலும் கார்ட்போட் பெட்டிகள், நாலு பக்கமும் பேப்பர் ஒட்டி மூடியவை, ஒவ்வொன்றிலிருந்தும் இரண்டு வயர் வெளியே. தனியாக ஒரு தாள், அதில் மணி, நிமிடம், செக்கன் என்று வரிவரியாக எழுதி, எந்த நேரத்தில் எந்த வயர் என்று குறித்திருந்தார்.

"இது என்னங்க ஐயா, இந்தப் பெட்டியெல்லாம்?" என்று கேட்டேன்.

"அது இப்ப சொல்லமாட்டன்," என்றார். "தீபாவளியண்டைக்குப் பாருங்கோ. சத்தம் எல்லாம் நம்மட மாரிசாமியின்ர தப்பு. தோட்டத்துக்குப் போய் ரெண்டு நாள் இருந்து பதிஞ்சனான்."

கமலாம்பிகை அம்மா கோப்பி கொண்டுவந்தார். நான் அதைக் குடித்துக்கொண்டிருக்கும்போது குமாரசிங்கம் ஐயா ஒரு கொப்பியை எடுத்து, பென்சிலை நாக்கில் தொட்டுவிட்டு, "அண்ணை, உங்கட ரயில் நாப்பத்து நாலு பெட்டிதானே? நாப்பத்தஞ்சு இல்லையே?" என்று கேட்டார். அம்மா முந்தானையால் வாயை மூடிக்கொண்டு உள்ளே போனார்.

"நாப்பத்து நாலுங்க," என்றேன். அவர் குறித்துக்கொண்டார்.

ஊர் கூடி நிற்கும் தீபாவளியில், லவுட்ஸ்பீக்கரில், அந்தப் பெட்டிக் கணக்கு வரப்போகிறது என்று எனக்கு விளங்கியது. கோப்பி நன்றாக இருந்தது. குடித்து முடித்தேன். போகும் முன் மூடிய பெட்டிகளை எண்ணினேன். நாற்பத்து மூன்று.

இப்போது அந்த யுத்தக் காலத்தை நீங்கள் நினைத்துப் பார்க்க வேண்டும். பஸ்ஸில் மறந்துவிட்டுப்போன சாப்பாட்டுப் பொட்டலத்துக்கு ரோட்டை மூடிய காலம். யாழ்ப்பாணத்தில் பிறந்தவர் வீட்டில் விருந்தாளி வந்தால் பொலிஸில் பதிய வேண்டிய காலம். ஊர் நலனில் அக்கறை உள்ள எவரும் கண்ணால் கண்டதைச் சொல்லியிருப்பார்கள். நான் எழுதினேன். என் டைப்ரைட்டரில் ஓர் எழுத்து உடைந்திருப்பது எல்லோருக்கும் தெரியும் என்பதால் கையால் எழுதினேன். சிங்களத்தில், ஒரு பக்கம்.

அதில்தான் மிஸ், ஒரு விஷயத்தை நீங்கள் கவனிக்க வேண்டும். அதில் ஒரு பொய்யும் இல்லை. என் தொழிலில் முதல் தடவையாக ஒரு மாடு செத்ததை ஒரு மாடு என்றே எழுதினேன். பிறப்பால் வடக்கைச் சேர்ந்த, வயது ஐம்பத்திரண்டான நில அளவையாளர் ஒருவர் வீட்டில் நகரத்தின் வரைபடம் உள்ளது. கொம்பியூட்டரோடு இணைத்த எட்டு வயர் உள்ளது. நாலு பக்கமும் மூடிய நாற்பத்து மூன்று பெட்டிகள் உள்ளன, ஒவ்வொன்றிலும் இரண்டு வயர். மாலை ஏழு மணி பூச்சியம் நிமிடம் பூச்சியம் செக்கன் என்று தொடங்கும் நேர அட்டவணை உள்ளது. அந்த நேரத்தில் ரோட்டில் சுமார் இருநூறு பேர் கூடுவார்கள். பெட்டிகளில் என்ன இருக்கிறது என்று கேட்டதற்கு இப்போது சொல்லமாட்டேன் என்றார். தோட்டத்தில் இரண்டு நாள் தங்கி, தப்படிக்கிற ஒருவரைச் சந்தித்திருக்கிறார்.

வெடி என்ற சொல் அதில் இல்லை. திரும்ப வாசித்துப் பாருங்கள். இலக்கம் போட்டு எழுதினால் மனிதர்கள் நம்புகிறார்கள் என்பதை எனக்குக் கற்றுக்கொடுத்தது குமாரசிங்கம் ஐயாதான். எத்தனை பெட்டி என்று கேட்டவர் அவர்.

தீபாவளிக்கு முதல் நாள் மாலை ஆறரைக்கு இரண்டு ஜீப் வந்தது. பெட்டிகளை அவர் அன்றுதான் வெளியே கட்டி முடித்திருந்தார், கூரை விளிம்பில் தொடங்கி வீட்டைச் சுற்றி இறங்கி வாசல் வளைவுக்கு அடியில் வந்து முடிகிற மாதிரி. பேப்பரைக் கிழித்துச் சன்னல் வெட்டி, நிற நிறமாகக் கண்ணாடித்தாள் ஒட்டியிருந்தது. ரோட்டில் சனம் கூடிவிட்டது. நானும் நின்றேன். அதிகாரி ஒரு கையில் என் கடதாசியை வைத்திருந்தார்.

"ஐயா, ஒரு நிமிசம் தாங்கோ. போட்டுக் காட்டுறன்," என்று குமாரசிங்கம் ஐயா சிங்களத்தில் கெஞ்சினார். அதிகாரி எல்லோரையும் பின்னால் தள்ளி நிற்கச் சொல்லிவிட்டுத் தலையாட்டினார்.

மாரிசாமியின் தப்பு தொடங்கியது. முதலில் மெதுவாக, பிறகு தண்டவாளத்தில் சக்கரம் ஏறினது போல. கூரையில் ஒரு பெட்டி எரிந்தது, அடுத்தது, அடுத்தது. எட்டு வயரும் மாறி மாறி எரிய, ஒரு ரயில் வீட்டைச் சுற்றி ஓடியது. தெமோதரை. எஞ்சின் வளைந்து வளைந்து இறங்கி வாசல் வளைவுக்கு அடியில் வந்து நின்றபோது கடைசிப் பெட்டி இன்னும் கூரையில் நின்றது. தப்பு நின்றது. மேலேயிருந்து ஒரு மஞ்சள் பல்பு, அப்புறம் அதற்குக் கீழே ஒன்று, அதற்குக் கீழே ஒன்று. டீக் கோப்பை இறங்கியது. எஞ்சினில் சிவப்பு விளக்கு இரண்டு தரம் கண்ணடித்தது. கோப்பை மறுபடியும் மேலே ஏறியது. சீனி கம்மி.

சனம் கைதட்டியது. துவக்கோடு நின்ற ஒரு பொலிஸ்காரப் பையனும் சிரித்துவிட்டான்.

குமாரசிங்கம் ஐயா சனத்துக்குள் என்னைத் தேடிக் கண்டுபிடித்தார். "மாடசாமி அண்ணை! கணக்குப் பாத்தனான். ஒரு பெட்டி அறுபது அடி, வளையம் அரை மைல் எண்டு வச்சால் நாப்பத்து நாலு அச்சொட்டா வருது. நீங்கள் பிழை சொல்லேல்லை. அண்டைக்கு நான்தான் உங்களைச் சபையில குழப்பிப்போட்டன். மன்னிச்சுக்கொள்ளுங்கோ."

எல்லோரும் திரும்பி என்னைப் பார்த்தார்கள். இரண்டரை வருடத்துக்குப் பிறகு முதல் தடவையாக ஒருவரும் சிரிக்கவில்லை. மாரிசாமி கூட்டத்தில் நின்று, "தாத்தா, நம்ம ரயிலுங்க!" என்று கத்தினான். மிகவும் இனிமையான நேரம் அது, நான் மறைக்கவில்லை.

அதிகாரி கடதாசியைப் பார்த்தார், உள்ளே போய் அறைச் சுவரைப் பார்த்துவிட்டு வந்தார், மறுபடியும் கடதாசியைப் பார்த்தார். எட்டு வயர், சரி. நேர அட்டவணை, சரி. வரைபடம், சரி. எழுதினவன் கெட்டிக்காரன் என்று பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னார். பிறகு சனத்தைப் பார்த்து, இது என்ன, ஏது என்று தெரிந்தவர் யாராவது உண்டா என்று கேட்டார். நன்றாகச் சிங்களம் பேசுகிறவன் என்று எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் வாய் திறந்திருக்கலாம். ஆனால் நான் அப்போது எண்ணிக்கொண்டிருந்தேன். நாற்பத்து நான்கு வந்தது. நான் எழுதியது நாற்பத்து மூன்று. மறுபடியும் எண்ணினேன். இப்படியான நேரத்தில் ஒரு மனிதனுக்குக் கவனம் சிதறக் கூடாது.

அதிகாரியும் எண்ணியிருந்தார். குமாரசிங்கம் ஐயாவை ஜீப்பில் ஏற்றிவிட்டு, மேலதிகமாக ஒரு பெட்டி எங்கிருந்து வந்தது என்று அம்மாவைக் கேட்டார். அம்மாவுக்குப் பதற்றத்தில் சிங்களம் வரவில்லை. "பசை காயேல்லை எண்டு அடுப்படியில வச்சனான், ஐயா," என்று அழுதார். அதிகாரி என்னைப் பார்த்து மொழிபெயர்க்கச் சொன்னார். அந்தப் பெட்டியை அடுப்படியில் தனியாக வைத்திருந்ததாகச் சொல்கிறார் என்றேன். தனியாக என்ற சொல்லை அம்மா சொல்லவில்லைதான். ஆனால் மற்றவற்றோடு வைக்காவிட்டால் தனியாகத்தானே வைத்திருக்க வேண்டும்.

மாரிசாமியையும் ஏற்றினார்கள். தப்படிக்கிறவன் எவன் என்று அவர்கள் தேடிக்கொண்டிருந்தபோது அவனே அல்லவா கத்தினான். என் கடதாசியில் அவன் பெயர் இல்லை என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

அவன் பதினொரு வாரத்தில் திரும்பி வந்தான். வலது கை விரல்கள் மடங்குவதில்லை. பூவம்மா கடை வாங்கில் என் பக்கத்தில் உட்கார்ந்து, இடது கையால் கிளாசைப் பிடித்துக் குடித்தான். நானே கேட்டேன், என்னடா கேட்டார்கள் என்று.

"ஒரே கேள்விதாங்க, தாத்தா," என்றான். "எத்தனை பெட்டி, எத்தனை பெட்டின்னு. கடதாசியில நாப்பத்து மூணு இருக்கு, நாப்பத்து நாலாவது எங்கேருந்து வந்துச்சு, யாரு கொண்டாந்து குடுத்தா, உள்ள என்னா இருந்துச்சுன்னு. காலையிலயும் அதான், அந்தியிலயும் அதான். ஐயா பக்கத்து ரூம்ல இருந்தாருங்க. அவருகிட்டயும் அதான் கேட்டாங்க. பசை காயல, பசை காயலன்னு அவரு சொல்றது கேக்கும். அப்புறம் ஒரு நாள் கேக்கல."

 அதற்குப் பிறகு எத்தனை பெட்டி என்று என்னை ஒருவரும் கேட்டதில்லை.

கமலாம்பிகை அம்மா தை மாதம் என் மேசைக்கு வந்தார். கணவரைத் தேடித் தரும்படி பெட்டிசம் எழுத வேண்டும், பதுளையில் உங்களைவிட ஆர் இருக்கினம் என்றார். அது உண்மை. ஆறு வருடத்தில் முப்பத்தொரு பெட்டிசம் எழுதிக் கொடுத்திருக்கிறேன். ஒரு சதம் வாங்கவில்லை. என் திறமை முழுவதையும் அவற்றில் போட்டேன். குமாரசிங்கம் ஐயா காணாமல் போன நாள் தொட்டுப் பதுளையில் காகங்கள் கரைவதில்லை என்று எழுதினேன். அம்மா மூன்று வருடம் பச்சைத் தண்ணீர் தவிர எதுவும் அருந்தவில்லை என்று எழுதினேன். ஊவா மாகாணத்தில் அவர் அளக்காத நிலம் எல்லாம் அழுகிறது என்று எழுதினேன். வாசித்துக் காட்டும்போது அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு, "இவ்வளவும் தேவையோ, அண்ணை?" என்று கேட்பார். தேவை என்பேன்.

உள்ளே கிளாக்கர்மார் அவற்றை ஒருவரையொருவர் கூப்பிட்டு வாசித்துக் காட்டியதாகக் கேள்விப்பட்டேன். பத்தால் வகுத்திருப்பார்கள். காணாமல் போனது ஒரேயோர் ஆள். அதைப் பத்தால் வகுத்தால் தேடுவதற்கு என்ன மிஞ்சும் என்று ஒருநாள் மேசையில் உட்கார்ந்து யோசித்துப் பார்த்தேன். அதற்குள் மழை வந்துவிட்டது.

இலக்கம் போட்டு, உள்ளதை உள்ளபடி, ஒரு பக்கத்தில் எழுதியிருக்கலாமே என்று நீங்கள் கேட்பீர்கள். எழுதியிருக்கலாம். எனக்கு அப்படியும் எழுத வரும் என்பதற்குச் சாட்சி உங்கள் பையில் இருக்கிறது. ஆனால் அந்த எழுத்தை ஒரு தடவைக்கு மேல் பயன்படுத்துவது புத்தியல்ல, அதிகாரிகள் அடையாளம் கண்டுவிடுவார்கள். ஐயா திரும்பி வந்தால் அடுத்த தீபாவளிக்கு என்ன கட்டுவாரோ என்ற எண்ணமும் இல்லாமல் இல்லை. தெமோதரைக் கதையை இப்போது நான் மறுபடியும் சொல்லுகிறேன். பன்னிரண்டு பேராவது கேட்கிறார்கள்.

பெட்டிகளை அம்மா கழற்றவில்லை. இரண்டு மழைக் காலத்தில் நனைந்து ஒவ்வொன்றாக விழுந்தன. நான் தினமும் கடையிலிருந்து எண்ணுவேன். கடைசியாக விழுந்தது அடுப்படியில் காய்ந்த பெட்டிதான் என்று நினைக்கிறேன். அதில் பசை நன்றாகப் பிடித்திருந்தது.

ஆகவே என் வாக்குமூலம் இதுதான். அந்தப் போட்டோகொப்பியில் இருப்பது என் எழுத்து. அதை எழுதியவன், தபாலில் போட்டவன், அன்று மொழிபெயர்த்தவன், பிறகு முப்பத்தொரு பெட்டிசம் எழுதியவன் எல்லாம் நானே. கீழே கையெழுத்து வைக்கிறேன். அடுப்படிக்குள்ளும் எட்டிப் பார்த்துவிட்டு எண்ணியிருந்தால் கணக்கு சரியாக வந்திருக்கும். அது என் கவனக்குறைவு, மறுக்கவில்லை. அந்த ஒரு பெட்டிக்காக மட்டும் கமலாம்பிகை அம்மாவிடம் என் மன்னிப்பைச் சொல்லிவிடுங்கள்.